மிச்சக் கறிக்கு மைதா இல்லாத மேலுறை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. வெளியூர்க்காரர்களுக்குக் காய்கறி மார்க்கெட்டால் தெரிந்த ஊர். நாட்டுப்புறப் பாட்டு கேட்பவர்களுக்குப் பாடகி முனியம்மாவால் தெரிந்த ஊர். இந்தப் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதை வழக்கம் என்பதைவிட வாராந்திரக் கடமை என்றே சொல்லலாம். கால் கிலோ போதும் என்று போனவர் முக்கால் கிலோவோடு வருவார். மதியம் குழம்பு, சுக்கா, ஈரல் எல்லாம் ஆன பிறகும் ஒரு கிண்ணம் கறி மிஞ்சும். மறுநாள் அதை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பதில் இருக்கிறது: மட்டன் பப்ஸ். மைதா மேலுறை, உள்ளே மசாலாக் கறி. சமோசாவும் சோமாஸும் அதே குடும்பம்தான்.

அந்தப் பப்ஸை வேண்டாம் என்று சொல்பவர்கள் இப்போது இரண்டு வகை. ஒருவர் சர்க்கரை நோய்க்காரர், மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவர். இன்னொருவர் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர். இருவரும் “மைதா வேண்டாம்” என்று ஒரே வாக்கியத்தைச் சொல்வதால், இருவருக்கும் ஒரே பலகாரம் ஒத்துக்கொள்ளும் என்று சமைப்பவர் நினைத்துவிடுகிறார். கடைகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பிஸ்கட் பாக்கெட்டைச் சர்க்கரைக்காரர்கள் நம்பி வாங்குவதும் இதே குழப்பத்தால்தான். அதில் மைதாவுக்குப் பதிலாக அரிசி மாவும் மரவள்ளி மாவும் இருக்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவை மைதாவுக்கு இளைத்தவை அல்ல.

இரண்டு பிரச்சினைகளில் எது பெரியது என்பதில் சந்தேகமில்லை. 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த ஆய்வு அது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் உணவுப் பகுதி பிறகு காட்டியது. தமிழில் குறைமாவு உணவுமுறைக்கு ஒரு கூட்டமே சேர்ந்ததில் வியப்பில்லை. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூலைப் படித்துவிட்டு இட்லிக்கு விடைகொடுத்தவர்களை மதுரையிலும் பார்க்கலாம்.

குளூட்டனால் தூண்டப்படும் சீலியாக் நோயின் கதை வேறு. இது வட இந்தியாவின் கோதுமைப் பட்டையில் அதிகம். பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம் பேரின் ரத்தத்திலும் தெற்கே 0.10 சதவீதம் பேரின் ரத்தத்திலும் இந்நோயைக் காட்டும் எதிர்ப்புரதங்கள் இருந்தன. நமக்கு இது வராது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகள் தெற்கத்தியரிடமும் ஏறக்குறைய அதே அளவில், சுமார் மூன்றில் ஒருவரிடம், இருந்தன. வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஆய்வு நடந்த இடத்தில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். சோறு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அதைப் படிக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மதுரைத் தெருவில் நடந்தால், பரோட்டாக் கல் ஓசை அந்தக் காப்பு எத்தனை நாளைக்கு என்று கேட்க வைக்கும்.

ரொட்டிக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி அரிதானது. ஊரே மெலிந்தபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். அதற்கு முன்பே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. அதை நிறுவி 1950-இல் ஆய்வேடாகக் கொடுத்தார்.

இனி அந்தக் குளூட்டன் மாவில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்கலாம். அது தெரியாமல் அதை எடுத்துவிட்டால் பலகாரம் உதிரும். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாவு கரைந்தோடிவிடும். கையில் சூயிங்கம் போல ஒரு பிசுபிசுப்பு மிஞ்சும். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்து காட்டிய சோதனை இது. எந்தச் சமையலறையிலும் செய்யலாம். மிஞ்சுவதுதான் குளூட்டன். கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என இரண்டு வகைப் புரதங்கள் தனித்தனியாக இருக்கின்றன. தண்ணீர் பட்டுப் பிசையும்போது அவை ஒன்றையொன்று பற்றி வலையாகின்றன. குளூட்டெனின் இழுத்தால் திரும்புகிறது. கிளையடின் இழுத்த இழுப்புக்கு வழுக்கிக் கொடுக்கிறது. பரோட்டா மாஸ்டர் உருண்டையை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பது இந்த வலையின் விறைப்பு தளரத்தான். தளர்ந்தபின் கல்லில் அடித்து வீசினால் கண்ணாடி மாதிரி விரிகிறது, கிழிவதில்லை.

பப்ஸில் இந்த வலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாவும் கொழுப்புமாக மடித்து மடித்துத் தேய்த்த அடுக்குகள் அடுப்பில் சூடானதும், மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்குகிறது. ஆவி வெளியேறாமல் பிடித்துவைப்பது குளூட்டன். ஆக, மேலுறை விரிய வேண்டும், மடித்தால் ஒட்ட வேண்டும், ஆவியைப் பிடிக்க வேண்டும், வெந்தபின் நிற்க வேண்டும். நாலு வேலையையும் கோதுமையில் ஒரே பொருள் செய்துவிடுகிறது. வேறெந்த மாவிலும் அப்படி ஒருவர் இல்லை. வேலையைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டியதுதான்.

தமிழ்ச் சமையல் இந்த வழியில் பாதியை எப்போதோ கடந்துவிட்டது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறோம். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு விண்டுபோகும். கொதிநீரில் ஸ்டார்ச் மணிகள் உப்பி வெடித்துப் பசையாகின்றன. அந்தப் பசை புரத வலைக்குப் பதிலாக நிற்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் செய்யும் தக்கடி இதே நுட்பத்தைக் கறியோடு சேர்க்கிறது: அரிசி மாவு உருண்டைகள் ஆட்டுக்கறிக் குழம்பிலேயே வேகும். மதுரைக்கென்றே உள்ள உதாரணம் கறி தோசை. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸால் பெயர் பெற்ற அந்தத் தோசையில் அடியில் மாவு, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. தோசை மாவில் வலையின் வேலையைப் பார்ப்பது உளுந்து. அதன் புரதமும், அரைக்கும்போது நுரைத்து வழவழப்பாகும் நார்ப்பசையும் புளிப்பில் வரும் காற்றைப் பிடித்துவைக்கின்றன.

குளூட்டன் ஆகாதவருக்கு இவற்றில் எதுவும் சரி. சர்க்கரைக்காரருக்கு எதுவும் சரியில்லை. அரிசி மாவில் 100 கிராமுக்கு 80 கிராம் அளவில் மாவுச்சத்து. மைதாவில் 75 கிராம் அளவில். மாறினால் கூடத்தான் செய்கிறது. கேழ்வரகு, கம்பு என்று மாறுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: நார் கூடுதல், சத்து கூடுதல், எல்லாம் உண்மை, ஆனால் அவற்றிலும் 65–70 கிராம் அளவில் மாவுச்சத்து இருக்கிறது. சோற்றை ஆறவைத்தால் ஸ்டார்ச்சில் ஒரு சிறு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுவதும் உண்மைதான். அதை வைத்துப் பழைய சோற்றைக் குறைமாவு உணவு என்று பட்டம் கட்ட முடியாது.

ஸ்டார்ச்சையும் கைவிட்டால் மிச்சமிருப்பது புரதமும் நாரும் கொழுப்பும். அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். டாம் நாட்டன் என்பவர் 2009-இல் எடுத்த ‘ஃபேட் ஹெட்’ ஆவணப்படத்தின் பெயரிலேயே வழங்கும் மாவு அது: மொசரெல்லா சீஸை உருக்கி, பாதாம் மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைவார்கள். இங்கே வலை பின்னுவது பாலிலுள்ள கேசின் புரதம். மொசரெல்லாவில் கேசின் இழைகளைச் சுண்ணாம்புச் சத்து அளவாகப் பிணைத்திருக்கிறது. சூடானால் நெகிழ்ந்து நீளும், ஆறினால் இறுகும். மாவாகத் தேய்க்கலாம், மடிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் செய்பவர்கள் முதலில் போடும் கணக்கு, சீஸுக்குப் பதில் பன்னீர். அது நடக்காது. காரணம் பன்னீர் செய்யும் முறையிலேயே இருக்கிறது. பாலைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விடுகிறோம். அந்தச் சூட்டில் மோர்ப் புரதங்களும் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. புளிப்பில் சுண்ணாம்புச் சத்து கரைந்து தெளிநீரோடு போய்விடுகிறது. மிஞ்சும் வலை எத்தனை சூடானாலும் உருகாது. பன்னீர் பட்டர் மசாலாவில் துண்டு துண்டாகவே நிற்பதும் அதனால்தான். மாவில் சேர்த்தால் துருவலாகக் கிடக்குமே தவிர எதையும் ஒட்டாது.

ஒட்டும் வேலைக்கு மருந்துக் கடையில் ஓர் ஆள் இருக்கிறார்: இசப்கோல். மலச்சிக்கலுக்குத் தாத்தா ராத்திரி கலக்கிக் குடிப்பதுதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் விதை உமி அது. உலகத்துக்கே பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அந்த உமி முழுக்க அரபினோசைலன் என்ற நார். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஜெல்லியாகிறது. குளூட்டன் போல ரப்பர்த்தனம் கிடையாது, ஆனால் இழுத்தால் கொஞ்சம் வரும். காற்றையும் ஓரளவு பிடிக்கும். நம் குடல் அதைச் செரிக்காது என்பதால் சர்க்கரைக் கணக்கில் வராது. 100 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மேலே போனால் வழவழக்கும். கலந்து பத்து நிமிடமாவது விட வேண்டும். உடனே கெட்டியாகவில்லை என்று இன்னொரு கரண்டி போடுபவர்கள் பிறகு வருந்துவார்கள்.

மாவுக்கு என்ன செய்வது? பாதாம் மாவு விலை எட்டாதது. தினசரிச் சமையலுக்கு அதைப் பரிந்துரைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தேங்காய்ப் பால் எடுத்தபின் பிழிந்து எறியும் சக்கையே போதும். அதை வெயிலிலோ சிறு தணலிலோ ஈரம் போக உலர்த்தி, மிக்சியில் பொடித்தால் வெளிநாட்டுக் கடைகளில் தேங்காய் மாவு என்று விற்கும் பொருள்தான். பெரும்பகுதி நார். தண்ணீரைப் பேய்போலக் குடிக்கும், ஆகவே முட்டை தாராளமாக வேண்டும். கூடவே தோல் நீக்கிய வறுத்த நிலக்கடலைப் பொடி. கடலையை விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிடும். கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவில் புரதம், மாவுச்சத்து அதைவிடக் குறைவு. கடலை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் வெள்ளரி விதையோ பாதாமோதான் வழி.

இத்தனை சேர்த்தும் இந்த மாவைச் சமோசாவாக மடிக்கப் பார்த்தால் மூலை கிழியும். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள் என்பது என் தீர்ப்பு. தானாக நிற்க முடியாத மாவுக்கு வெளியிலிருந்து தாங்கல் வேண்டும், அந்தத் தாங்கல் நம் அடுப்படியிலேயே இருக்கிறது: பணியாரக் கல். 50 கிராம் சக்கை மாவு, 50 கிராம் கடலைப் பொடி, மூன்று முட்டை, ஒரு மேசைக்கரண்டி இசப்கோல், உப்பு, சிட்டிகை சமையல் சோடா, கொஞ்சம் புளித்த தயிர், தேவைக்குத் தண்ணீர். இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து ஊறவிட்டு, குழியில் பாதி ஊற்றி, நடுவில் கறியை வைத்து, மேலே மாவால் மூடி, சிறு தீயில் வேகவிட்டுத் திருப்புங்கள். முட்டையின் வெள்ளை 62 டிகிரியில் இறுகத் தொடங்கி 80-க்குள் கெட்டிப்பட்டுவிடும்; அதுவரை வடிவத்தைக் காப்பது இரும்புக் குழி, அதன்பின் முட்டை தானே தாங்கும். ஒரு பணியாரத்தில் ஓரிரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் தேறாது. ஒரு பப்ஸில் 40 கிராம் மைதா என்று வைத்தால் 30 கிராம் ஆகிவிடும்.

மேலுறையே வேண்டாம் என்று சொல்பவர்களுக்குச் செட்டிநாட்டிலிருந்து மதுரைவரை ஒரு பழைய பதில் உண்டு. கோலா உருண்டை. கொத்துக்கறி, தேங்காய், கசகசா, சோம்பு, சின்ன வெங்காயம், கட்டுவதற்குப் பொட்டுக்கடலை மாவு. சில வீடுகளில் கறியைப் பச்சையாகவே அரைப்பார்கள், சில வீடுகளில் வேகவைத்து. சமைப்பவருக்கு அது பழக்கம். புரதத்துக்கு அது பெரிய வேறுபாடு. பச்சைக் கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் வெளியே வந்து பிசுபிசுக்கும். சூட்டில் அது வலையாக இறுகி உருண்டையைக் கட்டும். நேற்றைய சுக்காவில் அந்த மயோசின் நேற்றே இறுகிவிட்டது. திரும்பக் கட்டாது. பச்சைக் கறி கோலாவின் அளவுகளை அப்படியே மிச்சக் கறிக்குப் போட்டால் எண்ணெயில் உருண்டை பிரிந்து நுரைப்பது இதனால்தான். மிச்சக் கறிக்கு முட்டை ஒன்று கட்டாயம். பொட்டுக்கடலையும் ஒரு பிடி கூட வேண்டும். வறுபடும்போதே பாதி வெந்திருப்பதால் பொட்டுக்கடலை மாவு பச்சைத் தண்ணீரிலேயே ஈரத்தை இழுத்து இறுகும். கடலை மாவுக்கு அந்தத் திறன் இல்லை. 250 கிராம் கறிக்கு 50 கிராம் பொட்டுக்கடலை என்றால் மொத்தம் 29 கிராம் அளவில் மாவுச்சத்து. பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. குளூட்டனும் இல்லை, மாவும் அதிகமில்லை. எந்த டயட் புத்தகமும் எழுதப்படுவதற்கு முன்பே இருந்த பலகாரம்.

உள்ளே போகும் கறியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

சமைத்த கறியில் கிருமி இருக்காது என்பது பொது நம்பிக்கை. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் கொதியைத் தாங்கிவிடும். குழம்பு ஆறிக்கொண்டே வரும்போது முளைக்கும். 43–47 டிகிரியில் அதன் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இரட்டிக்கும். சித்திரை மாத மதுரையில் ஒரு பெரிய சட்டிக் குழம்பு மூடிய மூடியோடு அந்தச் சூட்டில் எத்தனை நேரம் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிஞ்சும் என்று தெரிந்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு மணி நேரம். மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். “சூடு பண்ணினா சரியாயிடும்” என்பதும் பாதி உண்மைதான். வளர்ந்த பெர்ஃப்ரின்ஜன்ஸ் சூட்டில் சாகும். கையிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் விட்டுப்போன நஞ்சு கொதித்தாலும் போகாது.

பாட்டிமார் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் குழம்பைக் காலையும் மாலையும் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தார்கள். 1877-இல் ஜான் டின்டால் லண்டனில் கண்டறிந்ததும் ஏறக்குறைய அதுதான்: ஒரே தடவை கொதிக்கவைத்தால் வித்து பிழைக்கும்; இடைவெளி விட்டு விட்டுக் கொதிக்கவைத்தால் அது முளைத்த நேரம் பார்த்துக் கொன்றுவிடலாம். சுண்டுவதில் தண்ணீரும் குறைகிறது, புளியும் உப்பும் அடர்கின்றன. சுண்டிய கறி உள்ளடைக்கும் நல்லது. ஈரம் மேலுறையில் கசிவதுதான் இந்த மாவுகளின் முதல் எதிரி. எலும்புச் சாறு உள்ள கறி குளிரில் ஜெல்லியாக இறுகியிருக்கும். வைக்கும்போது கெட்டியாகத் தோன்றி, வெந்ததும் உருகி ஓடி அடியைப் பிய்த்துவிடும். ஏமாந்துவிடக் கூடாது, வாணலியில் போட்டு வற்ற வதக்கியே எடுக்க வேண்டும். அப்படி ஆவி பறக்கச் சூடாக்கிய உள்ளடையைத்தான் வைக்கவும் வேண்டும். குளிர்ந்த கறியை உள்ளே வைத்தால் வெளியே சிவந்த பிறகும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும்.

நேற்றைய கறியில் ஒரு பழைய வாடை வருமே, அது கெட்டுப்போன அறிகுறி அல்ல. சமைக்கும்போது தசையின் நிறமியிலிருந்து விடுபட்ட இரும்பு, கொழுப்பை ஆக்சிஜனோடு சேர்த்து வைக்கிறது. சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை இவற்றிலுள்ள சேர்மங்கள் அதைத் தாமதப்படுத்துகின்றன. வெறும் உப்பில் வெந்த கறியைவிட மசாலாச் சுக்கா மறுநாள் தேவலை என்பது நாக்குக்குத் தெரிந்ததுதான். வதக்கும்போது புதிதாகக் கொஞ்சம் சோம்பும் கறிவேப்பிலையும் சேர்த்தால் மிச்ச வாடையும் அடங்கும்.

கறியைப் போலவே உண்பவரிடமும் கவனம் வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காமலிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். சோற்றின் அளவையோ மருந்தின் அளவையோ மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சீலியாக் உள்ளவருக்குச் சமைப்பவரின் கவனம் வேறு இடங்களில் இருக்க வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அந்த அளவைத் தாண்ட ஒரு சிட்டிகை போதும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். மிளகாயோ மல்லியோ மாவு மில்லில் அரைக்கக் கொடுத்தால், அங்கே கோதுமையும் அரைப்பார்களா என்று கேட்டுவிட்டு, ஆமென்றால் வீட்டிலேயே அரைப்பது நல்லது. கோலா உருண்டையை, காலையில் சமோசா பொரித்த எண்ணெயில் போடவும் கூடாது.